மின்னஞ்சற் காவல்

தொலைவிலுள்ளார் ஒருவரோடொருவர் உரையாடுதற்கு மக்கள் கண்ட கருவிகளுள் மிகத் தொன்மையானது கடிதம். ஓலையிற் பொறித்து இலச்சினையிட்டுத் தூதுவர்வழி அனுப்பிய காலத்திலும், தாளில் எழுதி முத்திரையொட்டித் தபாற்கந்தோரிற் சேர்த்த காலத்திலும், கடிதத்தின் இயல்பொன்று மாறாதிருந்தது. அது படிப்போன் உள்ளத்தை மகிழ்விக்கலாம், வருத்தலாம், ஏமாற்றவுஞ் செய்யலாம். ஆயின், தானே எழுந்து அவனது பெட்டகத்தைத் திறக்கவோ, அவனுடைய உறவினர் நண்பர் முகவரிகளைத் தேடியெடுத்துத் தன்னைப் போன்ற நூறு கடிதங்களை அவன் பெயரால் எழுதியனுப்பவோ அதனால் இயலாது. மின்னஞ்சல் இவ்வியல்பினின்றும் வேறுபட்டது. அது சொல்லைச் சுமந்து வருதலோடு அமையாது, செயலையுஞ் சுமந்து வரவல்லது. கணினிக்குச் சொல்லும் செயலும் ஒரே வகையான எண்களே ஆதலின், கடிதமென வந்தது கட்டளையாக மாறுதல் அங்கே எளிது.

இவ்வேறுபாட்டாற் பெருநட்டம் விளைதல் கூடும் என்பதற்குத் தொலைநாட்டுச் சான்று வேண்டுவதில்லை. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆம் நாள் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதி, கப்பங்கோரும் தீநிரல் ஒன்றினால் தாக்குண்டது. அரசாங்க ஆள்களப் பெயரில் வழங்கிய ஏறத்தாழ 5000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். தொகுதி விரைவில் மீண்டும் இயக்கப்பட்டது. எனினும் அவ்வாண்டு மே 17ஆம் நாள் முதல் ஓகஸ்ட் 26ஆம் நாள் வரை அக்கணக்குகளில் இருந்த கடிதங்கள் மீளவில்லை. ஒரு நாட்டின் நிருவாகத்தார் மூன்று மாதங்களுக்கு மேலாக எழுதியனவும் பெற்றனவும் ஒரே நாளில் அழிந்தன. இஃது எவ்வாறு நேர்கின்றது, இதனைத் தடுத்தற்கு வழி யாது என்பன கற்றோர் யாவரும் அறிந்திருக்க வேண்டியனவாம். மின்னஞ்சற் காவல் ஒரு மதிலாலே முடிவதன்று. பல மதில்களால் ஆவது. அவற்றுள் ஒவ்வொன்றும் அதற்கு முன்னையதன் குறையை உணர்ந்து எழுப்பப்பட்டது என்பதை அறிந்தாலன்றி அக்காவலின் இயல்பு விளங்காது.

மின்னஞ்சல் செல்லும் வழியை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஒருவர் தம் கணினியிற் கடிதமெழுதி அனுப்பியவுடன் அது பெறுவோர் கணினியை நேரே சென்றடைவதில்லை. முதலில் அனுப்புவோருடைய நிறுவனத்தின் அஞ்சற் சேவையகத்தை அடைகின்றது. சேவையகமாவது பிற கணினிகளுக்குப் பணிசெய்தற்கென்று இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணினி. அது பெறுவோர் முகவரியின் பிற்பகுதியிலுள்ள ஆள்களப் பெயரை நோக்கி, அப்பெயர்க்குரிய சேவையகம் எதுவென வினவியறிந்து, கடிதத்தை அதனிடம் ஒப்புவிக்கின்றது. பெற்ற சேவையகம் கடிதத்தைத் தன் களஞ்சியத்தில் வைத்திருக்க, உரியவர் தம் கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அதனைப் பெற்றுப் படிக்கின்றார். சேவையகத்தைத் தபாற்கந்தோருக்கும், பயனர் கணினியை வீட்டுக்கும் ஒப்பிடலாம். ஒரு கந்தோருக்குப் பல நூறு வீடுகள் இருத்தல்போல ஒரு சேவையகத்தின்கீழ்ப் பல நூறு பயனர் கணினிகள் உள்ளன. ஆதலின் சேவையகத்தில் நேரும் ஒரு தவறு பலரைத் தாக்கும். ஒரு பயனர் கணினியில் நேரும் தவறு சேவையகத்தின் வழியாக ஏனையோரைச் சென்றடையும்.

இவ்வொழுங்கு வகுக்கப்பட்ட காலத்தில் ஐயத்துக்கு அதில் இடமளிக்கப்படவில்லை. அமெரிக்க நாட்டின் ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பிலே றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர் 1971ஆம் ஆண்டில் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். முகவரியில் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்கும் குறியைத் தெரிந்தவரும் அவரே. 1982ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யொனதன் பொஸ்ரெல் என்பார் சேவையகங்கள் தம்முள் அஞ்சலை ஒப்புவிக்கும் விதிமுறையை எழுதி வெளியிட்டார். இன்று வழங்குவதும் அடிப்படையில் அதுவே. அவ்விதிமுறையின்படி, அனுப்பும் கணினி ‘இக்கடிதம் இன்னாரிடமிருந்து வருகின்றது’ என்று கூறும்; பெறுங் கணினி அதனை மறுக்காது ஏற்கும். வலையமைப்பில் இருந்தோர் சிலராய், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளருமாய் இருந்த நாளில் இந்நம்பிக்கை தகுதியுடையதே. உலகம் முழுவதும் அவ்வலையுட் புகுந்த பின்னர் அதுவே பெருங் குறையாயிற்று.

இனி, வைரசு என்பது யாது? பிறிதொரு செய்நிரலுட் புகுந்து, அது இயங்கும்போது தானும் இயங்கித் தன்னைப் படியெடுத்துப் பரப்பிக்கொள்ளும் செய்நிரலே கணினி வைரசாகும். உயிர்க்கலத்துட் புகுந்து அதன் ஆற்றலைக்கொண்டே பெருகும் நோய்க்கிருமியை ஒத்தலின் அஃது அப்பெயர் பெற்றது. பிறிதொன்றைச் சாராது தனித்து நின்றே வலையமைப்பின் வழியாகப் பரவுவது புழு எனப்படும். தன்னைத் தான் ஆக்கும் பொறி அமைத்தல் இயலும் என்பதைக் கணிதப் பேரறிஞர் யோன் வொன் நியூமன் 1949ஆம் ஆண்டளவிலேயே விரிவுரைகளில் விளக்கினார். அது செயலில் எத்துணை எளிது என்பதைப் பிறெட் கோகென் என்னும் ஆய்வு மாணவர் 1983ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனைகளாற் காட்டினார். வழக்கில் இன்று வைரசு, புழு, ஒற்றுநிரல், கப்பநிரல் ஆகிய யாவும் தீநிரல் என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன.

தீநிரல் அஞ்சலின்வழிப் புகுதற்கு இரண்டு வாயில்கள் உள. ஒன்று மனிதன், மற்றையது மென்பொருளிலுள்ள பிழை. இவ்விரண்டும் ஓராண்டு இடைவெளியில் உலகுக்கு வெளிப்பட்டன. 1987ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மேற்கு யேர்மனியிலிருந்து ஒரு நத்தார் வாழ்த்துப் புறப்பட்டது. பெற்றோர் அதனை இயக்கியதும் திரையில் ஒரு நத்தார் மரம் தோன்றும். அதே வேளையில் அவ்வாழ்த்து, அவர்தம் கோப்புகளிற் கண்ட முகவரிகளுக்கெல்லாம் தன்னை அனுப்பிக்கொள்ளும். பல்கலைக்கழக வலையமைப்புகளையும் ஐபிஎம் நிறுவனத்தின் உள்வலையமைப்பையும் அது நெரிசலில் ஆழ்த்தியது. இது மனித வாயில். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கோணெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வெளிவிட்ட புழு எவரையும் எதனையும் திறக்குமாறு வேண்டவில்லை. ‘செண்ட்மெயில்’ என்னும் அஞ்சற் சேவையக மென்பொருளில் பிழை பார்த்தற்கென விடப்பட்டிருந்த ஒரு வழியும், பிற மென்பொருட் பிழைகளும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும் அதற்குப் போதியவாயின. அக்கால இணையத்திலிருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் 6000 வரையில் அதனால் முடங்கின என மதிப்பிடப்பட்டது. இது மென்பொருள் வாயில்.

மனித வாயிலின் பெருமையைப் பின்வந்தோர் நன்குணர்ந்தனர். 1999ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் தோன்றிய ‘மெலிசா’ என்னும் வைரசு, ஆவணங்களுட் பொதியப்படும் மக்ரோ என்னும் சிறு கட்டளைத் தொகுதியாக வந்தது. ஆவணம் திறக்கப்பட்டு மக்ரோ இயங்கியதும் அது அவுட்லுக் மென்பொருளின் முகவரிப் புத்தகத்திலுள்ள முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பியது. ஒருவர் ஐம்பதின்மருக்கும், அவ்வைம்பதின்மர் இரண்டாயிரத்து ஐந்நூற்றுவருக்கும் அனுப்ப, அஞ்சற் சேவையகங்கள் சுமை தாங்காது தவித்தன. அவற்றை நிறுத்திவைத்த நிறுவனங்களும் உள.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மணிலா நகரிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ என்னும் புழு இவ்வகையிற் பெயர்பெற்றது. அதன் வெற்றி மூன்று ஏமாற்றுகளால் ஆனது. தலைப்பு அன்பைத் தெரிவித்தது. அதனைப் புறக்கணிக்கும் மனவலி பலர்க்கும் இல்லை. கடிதம் அறிந்தவர் ஒருவர் பெயரால் வந்தது. அவர் முகவரிப் புத்தகத்திலிருந்தே அது புறப்பட்டமையின் அப்பெயர் பொய்யுமன்று. இணைப்பின் பெயரோ ஈற்றில் இரண்டு குறிகளைக் கொண்டிருந்தது. முதலாவது ‘ரிஎக்ஸ்ரி’ என்னும் எழுத்துக்கோப்புக் குறி. இரண்டாவது ‘விபிஎஸ்’ என்னும் கட்டளைக்கோப்புக் குறி. விண்டோஸ் இயக்குதளம் தான் அறிந்த கோப்புவகைகளின் ஈற்றுக்குறியை மறைத்துக் காட்டும் வழக்கமுடையதாதலின், பயனர் கண்ணுக்கு முதலாவது குறியே புலப்பட்டது. கடிதமென்று எண்ணித் திறந்தவர் கட்டளையை இயக்கினர். அது முகவரிப் புத்தகத்திலுள்ளோர் அனைவருக்கும் தன்னை அனுப்பியதோடு, கணினியிலிருந்த படக்கோப்புகள் பலவற்றின்மேல் தன்னை எழுதி அவற்றை அழித்தது. பிரித்தானியப் பொதுமக்கள் சபை தன் மின்னஞ்சற் சேவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. பிலிப்பைன்சில் ஐயத்துக்குள்ளானோர்மீது தொடுக்கத்தக்க சட்டம் அந்நாளில் இல்லாமையின் வழக்கு நிலைக்கவில்லை. அடுத்த மாதமே அந்நாடு அதற்கென ஒரு சட்டம் இயற்றியது.

இத்தகைய பகையை முதலில் எதிர்கொள்ளத் தக்க இடம் சேவையகமே. நூறு வீடுகளுக்கு நூறு காவலரை வைத்தலினும் கந்தோரின் வாயிலில் ஒரு காவலரை வைத்தல் எளிதன்றோ? வரும் கடிதம் பெறுவோர் பெட்டியிற் சேருமுன் அதன் இணைப்புகளைப் பிரித்துச் சோதிக்கும் மென்பொருள் சேவையகத்திலோ அதன் முன்னிலையில் நிற்கும் வாயிற்கணினியிலோ அமைக்கப்படும். இதற்கெனக் கட்டணமின்றிக் கிடைக்கும் கிளாம்ஏவி போன்ற மென்பொருள்களும் உள. சோதனையினும் எளியதும் உறுதியானதுமாகிய முறை ஒன்று உண்டு. அஃதாவது, அலுவலகக் கடிதத்தில் ஒருபோதும் வரவேண்டாத கோப்புவகைகளைச் சோதியாமலே மறுத்தல். இயங்குநிரலையும் கட்டளைக்கோப்பையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. ‘ஐ லவ் யூ’ பரவிய அடுத்த மாதத்தில் மைக்ரோசொப்ற் நிறுவனம் அவுட்லுக்குக்கு வெளியிட்ட திருத்தம் இக்கொள்கையையே மேற்கொண்டது. வெளிச்செல்லும் அஞ்சலையுஞ் சோதித்தலும், ஒரு கணக்கு ஒரு மணிநேரத்தில் அனுப்பத்தக்க கடிதங்களுக்கு எல்லை வகுத்தலும் சேவையகத்தின் கடனாகும். தன் வீட்டில் நோயிருப்பின் அயல் வீட்டுக்குச் செல்லாதிருத்தலும் காவலே.

அனுப்புவோர் பெயரை ஆராயாது ஏற்கும் பழைய குறைக்கும் மாற்றுக் காணப்பட்டுள்ளது. ஓர் ஆள்களப் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்கள் இவையென அப்பெயருக்குரியோர் வெளிப்படையாகப் பதிந்துவைக்கும் முறை 2006ஆம் ஆண்டிலும், கடிதத்துக்கு மறைகுறியியல் முறையில் இலச்சினையிடும் முறை 2007ஆம் ஆண்டிலும் விதிகளாக வெளிவந்தன. இவ்விரண்டிலும் தேறாத கடிதத்தை என்செய்வது என்பதைப் பெயருக்குரியோரே அறிவிக்கும் மூன்றாம் முறை 2015ஆம் ஆண்டில் விதியாக வெளியிடப்பட்டது. எஸ்பிஎவ், டிகேஐஎம், டிமாக் என்பன இவற்றின் சுருக்கப் பெயர்கள். இவை கடிதம் நல்லதென்று கூறுவன அல்ல. எவ்வாள்களத்திலிருந்து வந்தது என்பதை மாத்திரமே நிறுவுவன. களவாடப்பட்ட உண்மைக் கணக்கிலிருந்து வரும் தீய கடிதம் இம்மூன்றிலும் தேறிவிடும்.

வாயிலிலே வல்ல சோதனையாளர் இருப்பின் வேறு காவல் எதற்கு என வினவலாம். விடை சோதனையின் இயல்பிலேயே உளது. வைரசு எதிர்ப்பு மென்பொருள் பெரும்பாலும் முன்னர் அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களைத் தன் ஏட்டிலே கொண்டிருந்து, வருவனவற்றை அவற்றோடு ஒப்பிடும். இன்று தோன்றிய தீநிரலின் அடையாளம் நேற்றைய ஏட்டில் இராது. ஐயத்துக்குரிய நடத்தையைக் கண்டு ஊகிக்கும் முறைகள் இருப்பினும் அவையும் ஊகமேயாம். 2004ஆம் ஆண்டில் ‘பேகிள்’ என்னும் புழு தன்னைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய பொதியாக அனுப்பி, அக்கடவுச்சொல்லைக் கடிதத்தின் உள்ளே எழுதிவைத்தது. பூட்டைத் திறக்கமாட்டாத சோதனைநிரல் அதனைப் போகவிட்டது. கடிதத்தைப் படித்த மனிதர் தாமே திறந்துகொண்டனர்.

இக்குறை காலப்போக்கில் நீங்கிவிடும் ஒன்றன்று. என்றும் நீங்காதது என்பதைக் கோகென் நிறுவியுள்ளார். அவர் காட்டிய நெறியை எளிதிற் கூறலாம். ஒரு செய்நிரல் வைரசோ அன்றோ என ஒருபோதும் பிழையாது கூறவல்ல சோதனைநிரல் ஒன்று உளதென வைத்துக்கொள்க. வஞ்சகன் ஒருவன் அச்சோதனைநிரலையே தன் செய்நிரலுள் அமைத்துக்கொள்கின்றான். அவனது செய்நிரல் தொடங்கியதும் தன்னைப்பற்றியே அச்சோதனைநிரலை வினவும். ‘இது வைரசு’ என்று விடை வரின் யாதுஞ் செய்யாது அமைந்துவிடும். ‘வைரசு அன்று’ என்று விடை வரின் உடனே பரவத் தொடங்கும். எவ்விடை வரினும் அவ்விடை பொய்யாகின்றது. ஆகவே பிழையாத சோதனைநிரல் உளதென்ற கொள்கையே பிழையாயிற்று. சோதனைநிரலால் மிகப் பல தீநிரல்களைக் காணலாம். எல்லாவற்றையும் காண ஒருபோதும் இயலாது. மிகப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கும் இவ்வெல்லை உண்டு. முதல் மதிலுக்குப் பின் இரண்டாம் மதில் வேண்டப்படுவதற்குக் காரணம் இதுவேயாம்.

இனி, சேவையகம் காவலாளி மாத்திரமன்று. தானும் காக்கப்பட வேண்டிய ஒரு கணினி. 2021ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் மைக்ரோசொப்ற் நிறுவனம் தனது எக்ஸ்சேஞ்ச் அஞ்சற் சேவையக மென்பொருளிலிருந்த நான்கு பிழைகளுக்குத் திருத்தம் வெளியிட்டது. அப்பிழைகளைப் பயன்படுத்தினோர்க்கு எவருடைய கடவுச்சொல்லும், எவருடைய கவனக்குறைவும் வேண்டியிருக்கவில்லை. சேவையகம் இணையத்தை நோக்கித் திறந்திருந்ததே போதியதாயிற்று. திருத்தம் வெளிவருமுன்னரும், வெளிவந்தபின் அதனைப் பொருத்தத் தாமதித்த நாள்களிலும் உலகெங்கும் பல்லாயிரஞ் சேவையகங்கள் ஊடுருவப்பட்டன. 1988ஆம் ஆண்டிற் கண்ட மென்பொருள் வாயில் இன்றும் அடைபடவில்லை என்பதற்கு இது சான்று. திருத்தங்களை வெளிவந்தவுடன் பொருத்துதல், ஆதரவு முடிந்த பதிப்பைக் கைவிடுதல், அஞ்சற் பணிக்கு வேண்டாத சேவைகளை நிறுத்துதல், நிருவாகக் கணக்குக்கு இரண்டாம் அடையாளச் சான்றையும் வேண்டுதல் என்பன இவ்வாயிலுக்குரிய தாழ்கள்.

காவலே கேடாதலும் உண்டு. சேவையகத்தின் களஞ்சியம் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அடக்கிய ஒரு தரவுத்தளமாகும். அதனுடன் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்புகளும் இருக்கும். கோப்புகளைச் சோதிக்கும் சாதாரண மென்பொருளைச் சேவையகத்தில் நிறுவி அதனை அதன்போக்கில் விட்டால், ஒரு கடிதத்திலுள்ள வைரசின் அடையாளத்தைப் பதிவேட்டுக் கோப்பிற் கண்டு அக்கோப்பு முழுவதையும் அது தனிமைப்படுத்திவிடக்கூடும். பதிவேட்டை இழந்த தரவுத்தளம் நின்றுவிடும். ஒரு தீய கடிதத்தின்பொருட்டு நல்ல கடிதங்கள் யாவும் அடைபடும். ஒரு நெல்மணியிற் பூச்சியைக் கண்டு களஞ்சியத்தையே பூட்டுதல் போன்றது இது. ஆதலின் அஞ்சற் களஞ்சியமும் பதிவேடும் இருக்குமிடங்களைக் கோப்புச் சோதனையினின்றும் விலக்கி, கடிதங்களைத் தனித்தனியே நோக்கவல்ல அஞ்சற் சோதனைமென்பொருளிடம் அப்பணியை ஒப்புவித்தல் வேண்டும். அவ்வாறே, வைரசு கண்டவிடத்து அனுப்பியவர்க்கு எச்சரிக்கை எழுதும் பழைய வழக்கமும் கைவிடத்தக்கது. 2002ஆம் ஆண்டில் மிகுதியாகப் பரவிய ‘கிளெஸ்’ என்னும் புழு அனுப்புவோர் பெயரைப் பொய்யாக இட்டமையின், அத்தகைய எச்சரிக்கைகள் ஏதுமறியாதாரைச் சென்று வருத்தின.

சேவையகம் செவ்வனே காக்கப்படினும் பயனர் கணினிக்குத் தனிக்காவல் வேண்டும். பூட்டப்பட்ட பொதியும், முனைக்கு முனை மறைகுறியிடப்பட்ட கடிதமும் பயனர் கணினியிலேதான் திறக்கப்படுகின்றன. இணைப்பின்றி ஒரு வலைமுகவரியை மாத்திரம் தாங்கிவரும் கடிதத்திற் சோதித்தற்குரிய கோப்பு ஏதுமில்லை. தீமை அம்முகவரியைச் சொடுக்கிய பின்னரே வருகின்றது. மாணவர் கையில் வரும் யூஎஸ்பி நினைவகமும், பணியாளர் தம் சொந்த மின்னஞ்சலில் திறக்கும் கடிதமும் நிறுவனத்தின் சேவையகத்தைக் காண்பதேயில்லை. ஆகவே பயனர் கணினியிலும் வைரசு எதிர்ப்பு மென்பொருள் இயங்குதல் வேண்டும். சேவையகத்தில் உள்ளதற்கு வேறான நிறுவனத்தாருடையதாக அஃது இருப்பின், ஒன்றன் ஏட்டில் இல்லாதது மற்றையதன் ஏட்டில் இருத்தல் கூடும்.

பயனர் கணினிக்குச் செய்யவேண்டியன சிலவே. நாளாந்த வேலைக்கு நிருவாகி உரிமையில்லாத கணக்கையே பயன்படுத்தின், தவறி இயங்கிய தீநிரலும் அக்கணக்குக்குள்ள உரிமையின் அளவிலே கட்டுப்படும். கோப்புகளின் ஈற்றுக்குறியை மறையாது காட்டுமாறு அமைத்தால் 2000ஆம் ஆண்டின் வஞ்சகம் பலிக்காது. இணையத்திலிருந்து வந்த ஆவணங்களின் மக்ரோக்களை மைக்ரோசொப்ற் 2022ஆம் ஆண்டு முதல் இயல்பாகவே தடுத்துவருகின்றது. மெலிசாவுக்கும் இத்தடைக்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. கடிதத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி அத்தடையை நீக்காதிருத்தல் பயனரின் பொறுப்பு. இயக்குதளத்தை இற்றைப்படுத்தலும் இன்றியமையாதது. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றமையின், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கணினிகளை அதனோடு வைத்திருத்தல் அறிந்தே கதவைத் திறந்துவைத்தலாகும். காவல் உண்மையில் இயங்குகின்றதா என்பதையும் இடையிடையே சோதிக்கலாம். இதற்கென 68 எழுத்துகளாலான ‘ஐகார்’ என்னும் தீங்கற்ற கோப்பு ஒன்று உண்டு. எதிர்ப்பு மென்பொருள்கள் அதனை வைரசாகவே பாவித்துத் தடுத்தல் வேண்டும். தடுக்காவிடிற் காவலாளி உறங்குகின்றான் என்பது துணிபு.

இத்தனைக்கும் பின்னர் எஞ்சுவது மனித வாயில். 2014ஆம் ஆண்டிற் தோன்றிய ‘எமொற்றெற்’ என்னும் தீநிரல் தான் கைப்பற்றிய கணினியிலுள்ள பழைய கடிதங்களைக் களவாடி, அவற்றுக்கு மறுமொழி எழுதுவதுபோலத் தன்னை அனுப்பும் உத்தியைப் பின்னாளில் மேற்கொண்டது. தாம் முன்னர் எழுதிய சொற்களே கீழே இருக்க, அறிந்தவர் பெயரால் வரும் மறுமொழியை ஐயுறுவார் யார்? பல நாட்டுப் பொலிசார் ஒன்றுகூடி 2021ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அதன் சேவையகங்களைக் கைப்பற்றினர். அவ்வாண்டு முடியுமுன் அது மீண்டும் தலைகாட்டிற்று. இத்தகைய கடிதத்துக்கு மருந்து ஒன்றே: எதிர்பாராத இணைப்போ, பணங் கேட்கும் வேண்டுகோளோ வரின், அக்கடிதத்துக்கு மறுமொழி எழுதாது, அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து வினவுதல். அதனினும் முக்கியமான பிறிதொன்று உண்டு. தவறித் திறந்துவிட்டவர் அச்சத்தால் அதனை மறைத்தல் கூடாது. உடனே வலையமைப்பிலிருந்து கணினியைப் பிரித்து, பொறுப்பாளர்க்கு அறிவிப்பின் ஒரு கணினியோடு கேடு ஒழியும். மறுநாள்வரை மறைப்பின் அலுவலகம் முழுவதும் அழியும். ஆதலின் அறிவித்தவரைத் தண்டியாத நிருவாகமே தன்னைத் தான் காத்துக்கொள்ளும் நிருவாகமாகும்.

எல்லா மதில்களும் ஒருநாள் உடையலாம் என்பதை ஏற்றுக்கொண்டவர்க்கே கடைசிக் காவலின் அருமை புலப்படும். அதுவே காப்புப்பிரதி. கப்பநிரல் தரவை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கேட்கும். தன் தரவின் மற்றொரு படியை வேறிடத்தில் வைத்திருப்பவர் அவ்விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை. ஆயின் அப்படி வலையமைப்போடு எந்நேரமும் இணைந்திருப்பின், மூலத்தைப் பூட்டிய தீநிரல் அதனையும் பூட்டிவிடும். தரவுக்கு மூன்று படிகள், அவை இருவகை ஊடகங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது துறைபோயோர் கூறும் விதி. அவ்வேறிடத்துப் படி வலையமைப்பினின்றும் துண்டிக்கப்பட்டிருத்தலும், அதிலிருந்து மீட்டுப் பார்க்கும் ஒத்திகை காலந்தோறும் நடைபெறுதலும் அவ்விதியோடு சேர்க்கத்தக்கவை. மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி காப்பென்று கருதத்தக்கதன்று.

2023ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை இனி மீள நோக்கினால் அதன் பொருள் தெளிவாகும். தாக்குண்ட அரசாங்க அஞ்சற் சேவையகத்தில் இயங்கியது எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்பதிப்புக்கான ஆதரவு 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் முடிவுற்றிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021ஆம் ஆண்டு முதல் இருந்தும் நிதிக் குறைவு முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று எனப் பொறுப்பு நிறுவனம் தெரிவித்தது. மே 17ஆம் நாளுக்குப் பிற்பட்ட தரவுக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. தாக்குதலுக்குப் பின்னர், வலையமைப்பிற் சேராத காப்புப்பிரதியை நாடோறும் எடுக்கும் ஒழுங்கும் மென்பொருளை மேம்படுத்தும் ஒழுங்கும் அறிவிக்கப்பட்டன. திருத்தம் பெறாத சேவையகம் ஒரு மதில் இல்லாமை. காப்புப்பிரதி இல்லாமை கடைசி மதில் இல்லாமை. ஒன்று இருந்திருப்பின் மற்றையதன் குறை இத்துணைப் பெரிதாகத் தோன்றியிராது. இரண்டும் ஒருங்கே இல்லாதொழிந்தமையால் மூன்று மாதக் கடிதங்கள் மீளாதொழிந்தன. சட்டமும் நிறுவனமும் அதற்கு முன்னரே நாட்டில் இருந்தன. இலங்கை கணினி அவசர பதிற்செயற்பாட்டுக் குழு 2006ஆம் ஆண்டிலும், 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டிலும் தோன்றின. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். அழிந்த கடிதத்தை மீட்டுத் தராது.

இக்காவல் பேரரசுகளுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் உரியதென ஒரு பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ ஒதுங்கியிருத்தல் இயலாது. பழைய மாணவர் முகவரிகளும் பரீட்சைப் புள்ளிகளும் நிதிக் கணக்குகளும் அங்கும் உள. தனிச் சேவையகம் நடத்தும் ஆற்றலில்லாத சிறு நிறுவனம் அப்பணியை அதற்கென அமைந்த பெரிய சேவையிடம் ஒப்புவித்தல் தக்கது. ஆயினும், பயனர் கணினியை இற்றைப்படுத்தலும், இரண்டாம் அடையாளச் சான்றை வேண்டுதலும், வாரந்தோறும் ஒரு படியெடுத்து வேறிடத்திற் பூட்டிவைத்தலும் எவரிடமும் ஒப்புவிக்கத்தக்க பணிகள் அல்ல. அவற்றுக்கு வேண்டுவது பெரும் பொருளன்று, மறவாமை.

திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்ததோடு, தெரிந்து தெளிதலுக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்தார். மதிலின் உயரமும் திண்மையும் எத்தகையனவாயினும், உள்ளிருப்போரிடம் செயற்றிறன் இன்றேல் அவை பயன்படா என்னுங் கருத்தோடு அரண் அதிகாரம் நிறைவுறுகின்றது. மின்னஞ்சலின் வரலாறும் இவ்வுண்மையையே புலப்படுத்துகின்றது. 1982ஆம் ஆண்டின் விதிமுறை எல்லோரையும் நம்பிற்று. அந்நம்பிக்கையின் விலையை உலகம் இன்றும் செலுத்திவருகின்றது. அதனால் எவரையும் நம்பாது வாழ்தல் வேண்டுமென்பது முடிபன்று. ஆராய்ந்து நம்புதலும், நம்பியது தவறினும் அழியாதிருத்தற்கு வழிசெய்து வைத்தலுமே இக்காவலின் சாரமாம்.